அப்பா பார்க்காத படங்கள்

எய்யா,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காதாம். புத்தகத்தில் இருப்பதுபோல் மாற்றி எழுதுகிறேன் என்கிறாள். எழுதட்டும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மார்கழியிலிருந்து இந்த ஆனி வரைக்கும் எத்தனை தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். கடிதம் என்றால் பட்டாளத்தில் உன் பெயரைக் கூப்பிட்டு உன் கையில் கொடுப்பார்கள். நாலு பேருக்கு முன்னால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிவிட்டால் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. சின்ன வயதில் அடுத்த வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பிரித்துப் பார்த்தவன் நீ.

இதில் நான் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. இந்த ஆறு மாதத்தில் நான் பார்த்த நாலு படங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். சினிமா என்ற சொல்லைக் கண்டதும் காகிதத்தை மடித்துவிடாதே. உனக்கும் எனக்கும் நடுவில் கிடப்பது அந்தச் சொல்தான், அதனால்தான் அதை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

உன் அப்பா தியேட்டருக்குள் உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஆனால் தென்காசிக்கு வந்த எந்தப் படத்தின் கதையும் அவருக்குத் தெரியும். படம் விடுகிற நேரம் பார்த்து ஆட்டோவைத் தியேட்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். ஏறுகிறவர்களிடம் முதல் கேள்வி எங்கே போகணும் என்பதல்ல, படம் எப்படி என்பதுதான். மேலகரத்துக்கு ஒருவர் பாதிக் கதை சொல்வார், இலஞ்சிக்குப் போகிறவர் மீதியைச் சொல்வார். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் பீடி சுற்றிக்கொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து, தானே பார்த்ததுபோல் சொல்வார். “இண்டர்வெல் வரைக்கும் ஒரே இழுவைட்டி. அதுக்கப்புறம் பாரு, ஆளை அசையவிட மாட்டேங்கான். கடைசில அந்தப் பிள்ளை செத்துருது. ஏறுன பொம்பளை அழுத அழுகையில செருப்பை ஆட்டோலயே விட்டுட்டுப் போயிட்டா.” அந்தச் செருப்பு ரொம்ப நாள் நம் வீட்டு வாசலில் கிடந்தது, உனக்கு நினைவிருக்கும். பிறகு அதே படம் டிவியில் வந்தபோது நீ கத்தினாய்: “எப்பா, இதுல அந்தப் பிள்ளை சாகவே இல்லையே!” அதற்கு அவர், “ஏலே, ஏறுனவ தப்பாச் சொல்லிட்டா. அப்பம் எதுக்கு அப்பிடி அழுதா?” என்றார். நாம் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் என் தட்டிலிருந்த பீடித்தூள் தரையெல்லாம் சிந்தியது.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது தெரிந்தபோது நீ பயிற்சி முடிந்து வடக்கே போன புதிது. “அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது. இப்பதான் போய்ச் சேந்திருக்கான், லீவு கேட்டு ஓடியாந்துருவான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். நான் பீடி சுற்றாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் உன் தங்கச்சியைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி அவருடன் அனுப்பினேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கடைக்குப் போனால் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறப்பதற்குள் பின்னால் வந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்படிப்பட்ட பிள்ளை. அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்துதான் நிறுத்தினேன். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுட்டி என்று சொல்லியிருக்கிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை பேசுவாய். அன்றைக்குக் காலையிலிருந்தே உன் அப்பா தயாராவார். முதுகுக்கு இரண்டு தலையணை வைக்கச் சொல்வார். வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். நீ வீடியோவில் வரச் சொன்னால் சிக்னல் இல்லை என்பார். போனை எடுத்ததும், “ஏலே, நேத்து ஒரு படம் பாத்தேன்” என்று தொடங்கி அரை மணி நேரம் விடாமல் சொல்வார். எட்டு மாதம் இப்படி. ஆட்டோ ஓட்டாத மனுஷனுக்குக் கதை யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற நாலு மணி நேரமும் உன் தங்கச்சி போனில் பார்த்துப் பார்த்து அவர் காதில் சொல்வாள். அதை அவர் உனக்குச் சொன்னார். நீ அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கும் கேட்கும். பேசி முடித்ததும் போனைக்கூட வைக்கத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போனை வாங்கி “எய்யா, கிளம்பி வா” என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், உன்னை விட்டுவிட்டேன்.

போன ஆடியில் அவர் போனார். உனக்குச் சொன்னபோது அங்கே மழையில் மலைப்பாதை மூடிக் கிடந்தது. மூன்று நாளாகும் என்றாய். அதுவரை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நீ வந்து வாசலில் நின்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. “போன ஞாயித்துக்கிழமகூடப் படக்கதை சொன்னாவளேம்மா?” நான் உண்மையைச் சொன்னேன். நீ அழவில்லை. உள்ளே போய் டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டு, என் பழைய சேலை ஒன்றை எடுத்து அதன் மேல் போட்டாய். சாவு விழுந்த துட்டி வீட்டில் ஒரு வருஷம் டிவி போடக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் நீ வழக்கத்துக்காக மூடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அழாதவன் நீ மட்டும் இல்லை. துட்டி கேட்க வந்தவர்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? “கல்லு மாதிரில்லா இருக்கா” என்று உன் அத்தை அடுக்களையில் சொன்னது எனக்குக் கேட்டது. பதினாறு நாள் போனது, மாதங்கள் போயின. சேலை மூடிய டிவிக்கு எதிரில் உட்கார்ந்து பீடி சுற்றினேன். சோறு தின்றேன், தூங்கினேன். அழுகை மட்டும் வரவில்லை. அவரை அவ்வளவுதான் நினைத்திருந்தேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். நான்தான் கூப்பிட்டேன். அது சிரிப்புப் படம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மாறிப்போகிற கதை. எனக்குப் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை. பந்தியில் பரிமாறுகிற பெண்ணுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை, சாம்பாரை இலையின் நடுவில் கொட்டுகிறாள். கதாநாயகன் இருபது பேரை அடிக்கிறான், வேட்டி கசங்கவில்லை. கதாநாயகியின் அம்மாவாக வருகிறவள் மட்டும் நன்றாக நடித்தாள், அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற விதம் உண்மையாக இருந்தது. இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போன உன் தங்கச்சி, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அவ்வளவுதான் படம்.

வெளியே வந்து ஒரு ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுகிறவர் எங்களுக்குத் தெரியாத ஆள், என் வயதிருக்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டே, “படம் எப்பிடிக்கா? பாக்கலாமா?” என்று கேட்டார்.

எய்யா, அப்போதுதான் வந்தது. ஐந்து மாதம் வராதது அத்தனையும் வந்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்தும் நிற்கவில்லை. அந்த மனுஷன் பதறிப்போய் ஓரமாக நிறுத்திவிட்டார். “என்னக்கா, சோகப் படமா? போஸ்டர்ல எல்லாம் சிரிச்சிக்கிட்டுல்லா நிக்கானுவ!” வெளி ஆளிடம் ஒரு வார்த்தை பேசாத உன் தங்கச்சி, “இல்ல அண்ணாச்சி, நல்ல படந்தான். சிரிப்புப் படம். நீங்க பாருங்க” என்றாள். குத்துக்கல்வலசை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். செருப்பை விட்டுவிட்டுப் போன அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளும் படத்துக்காக அழுதிருக்க மாட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற உன் அத்தை நாங்கள் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். “ஏ மதினி, எங்க அண்ணன் போயி அஞ்சு மாசந்தான் ஆவுது. அதுக்குள்ள உனக்கு சினிமா கேக்குதோ?” என்றாள். “ஆமா, கேட்டுச்சு” என்றேன். வேறு என்ன சொல்ல? ஆட்டோக்காரர் கேட்டதை அவளிடம் சொன்னால் அவளுக்குப் புரியுமா? அவளுக்குத் தெரிந்தது அன்று சாயங்காலமே உனக்கும் தெரிந்துவிட்டது. “அவிய படம் படமாச் சொல்லி என்னைய ஏமாத்துனாவ. நீ அதைப் பாக்கவே போயிட்ட. இனிமே எனக்குப் போன் பண்ணாத” என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

அதற்குப் பிறகு டிவியின் மேலிருந்த சேலையை நான் எடுக்கவில்லை, நீ போட்டது அப்படியே இருக்கிறது. ஆனால் தங்கச்சியின் போனில் மூன்று படம் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ஒன்று பேய்ப் படம். செத்துப்போன மனைவி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள், புருஷன் கதவைப் பூட்டிக்கொண்டு அலறுகிறான். எனக்குக் கோபமாக வந்தது. “என்னத்துக்கு இப்பிடிக் கத்துதான்? வந்தவளுக்குத் தண்ணி குடுக்காண்டாமா?” என்றேன். தங்கச்சி படத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். இன்னொரு படம் ஏதோ துப்பறிகிற கதை, பாதியில் தூங்கிவிட்டேன், கொலை செய்தது யார் என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது ராணுவப் படம். அதை ஏன் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். கதாநாயகனை நான் பார்க்கவே இல்லை. அவன் பின்னால் பனியில் வரிசையாக நிற்கிற பையன்களைத்தான் பார்த்தேன். எத்தனை பேர் கையில் உறை போட்டிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு உதடு வெடித்திருக்கிறது என்று. கதாநாயகனுக்குத் தகப்பன் இறந்த செய்தி வருகிறது. அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறான். பின்னால் பாட்டு முழங்குகிறது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அத்தனை பேர் சுற்றி நிற்கிறார்களே, ஒருவராவது அவனைப் பார்த்து, நீ வீட்டுக்குப் போ என்று சொல்லக் கூடாதா? தங்கச்சியிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். சொல்லாமல் நின்றவர்களில் நானும் ஒருத்தி அல்லவா.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும். துன்பத்தை மறைத்தால் பிள்ளை நிம்மதியாக இருப்பான் என்று நாங்கள் நினைத்தோம். அந்த எட்டு மாதமும் நீ நிம்மதியாகத்தான் இருந்தாய். அந்த நிம்மதியை இப்போது நீ நினைத்துப் பார்க்கக்கூட முடியாதபடி செய்துவிட்டோம். உன் வீட்டில் இதைச் செய்யாதே. அழுகிற நாளில் எல்லாரும் சேர்ந்து அழுதுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நம்பு. அவர் உன்னை ஏமாற்றுவதற்காகக் கதை சொல்லவில்லை. உன்னிடம் பேசுவதற்கு அவரிடம் வேறு என்ன இருந்தது? நோயைச் சொல்ல முடியாது. பாசமாக நாலு வார்த்தை பேச அந்தத் தலைமுறை ஆம்பளைகளுக்கு வராது. படத்தைத்தான் சொல்ல முடிந்தது. கடைசியாக உனக்கு ஒன்று சொன்னாரே, ஆட்டோக்காரர் ரயிலடியில் காத்து நிற்கிற படம். பாதிதான் சொன்னார், “மீதிய நீ நேர்ல வரும்போது சொல்லுதேன்லே” என்றார். நீயும் கூட்டாளிகளிடமெல்லாம் கேட்டுத் தேடினாயாம், கிடைக்கவில்லையாம், துட்டிக்கு வந்தபோது தங்கச்சியிடம் சொன்னாயாம். எனக்கும் அதைப் பார்க்க ஆசை. பெயரைக் கேட்டால் மறந்துவிட்டது என்கிறாள் உன் தங்கச்சி.

ஆடியில் அவருக்கு வருஷத் திவசம். குற்றாலத்தில்தான் கொடுக்க வேண்டும். சாரல் இந்த வருஷம் சீக்கிரமே இறங்கிவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். நீ வராவிட்டால் சித்தப்பா மகனை வைத்துச் செய்துவிடலாம் என்று உன் அத்தை சொல்கிறாள். கொள்ளிதான் உன் கையால் வைக்க முடியாமல் போனது, அது என் தப்பு. எள்ளும் தண்ணீருமாவது உன் கையால் விட வேண்டும். சித்தப்பா மகனை நான் கேட்கப்போவதில்லை. நீ வந்தால் நடக்கும், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் அருவிக் கரையில் சும்மா நின்றுவிட்டு வருவேன். என்னோடு பேச வேண்டாம். அவருக்காக வா.

உன் அம்மா.

அண்ணா, இனிமேல் நான் எழுதுகிறேன். அம்மா பீடி கொடுக்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

தியேட்டருக்கு அம்மா என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஐந்து மாதமாக அவள் அந்தச் சேலை மூடிய டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் இரண்டு தடவைக்குப் பிறகுதான் திரும்புவாள். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் போகக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வேறு எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. கோயிலுக்கும் போகக் கூடாதே. எனக்காக வாம்மா என்று கெஞ்சினேன், வந்தாள். அத்தை வந்து கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ போனில் திட்டியபோதும் சொல்லவில்லை. அம்மா தன் மேல் போட்டுக்கொண்டாள். கோபப்படுவதானால் என் மேல் கோபப்படு.

இன்னொன்றும் இருக்கிறது. இது அம்மாவுக்கும் தெரியாது. ஆட்டோக்காரர் படம் என்று ஒன்று கிடையாது. நீ எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்த வாரம் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, போனைத் திறந்து படம் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர், “ஞாயித்துக்கெழம வந்துருச்சேட்டி, என்ன படம் வச்சிருக்க?” என்று கேட்டார். நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு ஆட்டோக்காரர். சாரல் அடிக்கிற காலை நேரம். தூரத்திலிருந்து ஒருத்தன் வருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று ரயிலடியில் நிற்கிறார். யார் கூப்பிட்டாலும், “ஆள் இருக்கு, ஆள் இருக்கு” என்று சவாரியை விட்டுவிடுகிறார். ஒவ்வொரு வண்டியாக வருகிறது. எல்லாரும் இறங்கிப் போகிறார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் நிற்கிறார். அவ்வளவுதான் சொன்னேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எந்தப் படத்துக்கும் முதலில் பெயரைக் கேட்கிறவர், இதற்குக் கேட்கவே இல்லை.

உன்னிடம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, “கடைசில அந்தப் பய வந்து சேருதானாட்டி?” என்று கேட்டார். நாளைக்குச் சொல்லுதேன்ப்பா என்றேன். மறுநாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

திவசத்துக்கு முந்தின நாள் காலை வண்டிக்கு நான் தென்காசி ரயிலடியில் நிற்பேன். கடையில் தீப்பெட்டி கேட்கவே கூசுகிறவள் தனியாகப் போய் எப்படி நிற்பாள் என்று நினைக்காதே, நிற்பேன். அந்த வண்டியில் நீ இல்லாவிட்டால் சாயங்கால வண்டிக்கும் நிற்பேன். ஆட்டோக்காரர்கள் எங்கே போகணும் என்று கேட்டால், ஆள் வரணும் என்று சொல்லிவிடுவேன். அப்பா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அண்ணா.